மூளைக்கொரு தூண்டுகோல்

நுழையும்முன்

விளக்கின் சுடர் மங்கும்போது திரியைத் தூண்டிவிடுவது தமிழர் இல்லங்களின் பழைய வழக்கம். அதற்குப் பயன்படும் சிறு குச்சிக்குத் தூண்டுகோல் என்று பெயர். பக்கவாதத்தால் செயல் மங்கிய மூளையையும் அவ்வாறு தூண்டிவிட இயலுமா? மண்டையோட்டைத் திறக்காமல், கத்தி படாமல், காந்தத்தாலும் மின்னோட்டத்தாலும் மூளையைத் தூண்டும் முயற்சியின் வரலாற்றையும் அறிவியலையும் எல்லைகளையும் இப்பாடம் விளக்குகிறது.

குருதியோட்டம் தடைபடும்போது

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோகிராம். உடல் எடையில் இது நூற்றில் இரண்டு பங்கே ஆகும். ஆயினும், உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. இத்துணைத் தேவையுடைய அவ்வுறுப்பு தனக்கென ஆக்சிஜனைச் சேமித்து வைத்துக்கொள்வதில்லை. நொடிதோறும் குருதியே அதனைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவ்வோட்டம் முறிவதே பக்கவாதத்தின் தொடக்கம்.

பக்கவாதம் இருவகையில் நேர்கிறது. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயை உறைகட்டி ஒன்று அடைத்துக்கொள்வது ஒரு வகை. இரத்தக்குழாய் வெடித்து மூளைக்குள் குருதி கசிவது மற்றொரு வகை. இவற்றுள் முதல் வகையே மிகுதியாகக் காணப்படுகிறது. பெரிய இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டுச் சிகிச்சையின்றி விடப்பட்டால், ஒவ்வொரு நிமிடத்திலும் சராசரியாக 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006ஆம் ஆண்டில் கணக்கிட்டார். பக்கவாதத்தில் காலமே மூளை என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதன் பொருள் இதுவே.

பெயரில் 'பக்கம்' இருப்பினும் நோயின் இருப்பிடம் மூளையே. கையிலும் காலிலும் உள்ள தசைகளுக்கு நேரடியாக எக்கேடும் நேர்வதில்லை. ஆணை பிறப்பிக்கும் இடம் சிதைந்துவிடுவதால், ஆணையை எதிர்நோக்கியிருக்கும் உறுப்புகள் செயலற்றுக் கிடக்கின்றன. உயிர் பிழைத்தவர்களுள் பலருக்கு எஞ்சுவது, சோற்றைப் பிசையவோ சட்டைப் பொத்தானைப் போடவோ எழுதுகோலைப் பிடிக்கவோ இயலாத ஒரு கை. அக்கையை மீட்பது எவ்வாறு என்பதே மறுவாழ்வு மருத்துவத்தின் நெடுநாளைய வினா.

மூளையில் உடலின் வரைபடம்

இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் வலக்கை செயலிழக்கிறது. வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் இடக்கை செயலிழக்கிறது. பெருமூளையிலிருந்து கீழிறங்கும் இயக்க நரம்பிழைகளுள் பெரும்பாலானவை முகுளத்தின் அடிப்பகுதியில் பக்கம் மாறிச் செல்வதே இதற்குக் காரணம்.

இயக்கத்திற்கெனப் பெருமூளைப் புறணியில் தனியிடம் உண்டு என்பது 1870ஆம் ஆண்டு பெர்லினில் மெய்ப்பிக்கப்பட்டது. குஸ்தாவ் ஃபிரிட்ச், எட்வர்ட் ஹிட்சிக் என்னும் இரு ஜெர்மானிய அறிஞர்கள், நாயின் மூளைப் புறணியை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டினர். ஒரு குறிப்பிட்ட பகுதியைத் தூண்டியபோது எதிர்ப்பக்கக் கால் அசைந்தது. பிற பகுதிகளைத் தூண்டியபோது அவ்வசைவு நிகழவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட், வலிப்பு நோயாளிகளின் மூளையில் அறுவை செய்யும்போது இதனை மனிதரிடம் விரிவாக ஆராய்ந்தார். நோயாளிகள் விழித்திருக்கும் நிலையிலேயே மூளையின் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தூண்டி, எப்புள்ளி எவ்வுறுப்பை அசைக்கிறது எனக் குறித்தார். அவ்வாறு உருவான வரைபடம் வியப்புக்குரியது. அதில் உறுப்புகளின் இடப்பரப்பு அவற்றின் உருவத்திற்கேற்ப அமையவில்லை. அவை செய்யும் வேலையின் நுட்பத்திற்கேற்பவே அமைந்திருந்தது. முதுகுக்குச் சிற்றிடமும், விரல்களுக்கும் உதடுகளுக்கும் பேரிடமும் இருந்தன. பக்கவாதத்திற்குப்பின் விரல்களின் நுண்ணியக்கம் எளிதில் மீளாமைக்கு, அதற்குத் தேவைப்படும் நரம்பமைப்பின் இந்நுட்பமும் ஒரு காரணமாகும்.

அழிந்த இடமும் கற்கும் மூளையும்

வளர்ந்த மூளையின் நரம்புப் பாதைகள் முற்றுப்பெற்றவை, மாறாதவை என்னும் கருத்தே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓங்கியிருந்தது. நரம்பியலின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படும் ஸ்பெயின் நாட்டு அறிஞர் சாந்தியாகோ ரமோன் இ காஹாலும் அவ்வாறே எழுதினார். இறந்த நரம்பணுவின் இடத்தில் புதியது முளைத்து வேலையை ஏற்பதில்லை என்ற அளவில் அக்கருத்து பெரிதும் பொருந்துவதே. ஆனால், எஞ்சியிருக்கும் நரம்பணுக்கள் தம்மிடையேயுள்ள இணைப்புகளை மாற்றிக்கொள்ளவும் புதிய வேலையை ஏற்கவும் வல்லவை என்பது பின்னர்த் தெரியவந்தது. மூளையின் இவ்வியல்பு நெகிழ்தன்மை எனப்படுகிறது.

இதனைத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளுள் ஒன்று 1996ஆம் ஆண்டு வெளிவந்தது. அமெரிக்க அறிஞர் ராண்டால்ஃப் நூடோவும் அவர்தம் குழுவினரும், அணில் குரங்குகளின் இயக்கப் புறணியில் கைக்குரிய இடத்தில் சிறு பாதிப்பை உண்டாக்கினர். பயிற்சியின்றி விடப்பட்ட குரங்குகளில், பாதிப்பைச் சுற்றியிருந்த நலமான கைப்பகுதியும் சுருங்கிப்போனது. சிறு குழிகளிலிருந்து உணவுத் துணுக்குகளை எடுக்கும் பயிற்சி பெற்ற குரங்குகளில் அப்பகுதி காக்கப்பட்டது. சிலவற்றில் முழங்கைக்கும் தோளுக்கும் உரிய இடங்களிலும் கைப்பகுதி பரவியிருந்தது. பயன்படுத்தாத உறுப்புக்குரிய இடத்தை மூளை இழக்கிறது. பயன்படுத்தும் உறுப்புக்கு இடமளிக்கிறது என்பது இதனால் விளங்கியது.

மனிதரிடமும் இம்முறை சோதிக்கப்பட்டது. அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்ட் டாப் வகுத்த பயிற்சியில், நலமான கைக்கு உறை மாட்டப்படும். செயல் குன்றிய கையாலேயே வேலைகளைச் செய்ய வேண்டிய கட்டாயம் நோயாளிக்கு ஏற்படும். 222 பேர் பங்கேற்ற பெரிய ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. இரண்டு வாரம் இப்பயிற்சி பெற்றோர், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரைவிடக் கைப்பயன்பாட்டில் முன்னேறியிருந்தனர். அம்முன்னேற்றம் ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்தது. எனினும், விரலையும் மணிக்கட்டையும் ஓரளவேனும் அசைக்க இயன்றவர்களே இப்பயிற்சியில் சேர முடியும். அவ்வசைவும் இல்லாதவர்கள் பலர். பயிற்சியின் பயனைப் பெருக்கவும், அசைவற்றோருக்கு வழி திறக்கவும் மூளையை நேரடியாகத் தூண்டலாமா என்னும் எண்ணம் இவ்விடத்தில்தான் பிறக்கிறது.

தவளைக்காலிலிருந்து காந்தச்சுருள்வரை

மின்சாரத்துக்கும் உடலியக்கத்துக்கும் உள்ள உறவை இத்தாலியின் பொலோனியா நகரப் பேராசிரியர் லூயிஜி கால்வானி, இறந்த தவளையின் கால் துள்ளுவதைக் கொண்டு ஆராய்ந்து 1791இல் வெளியிட்டார். அதன் பின்னர் மனித மூளையை வெளியிலிருந்து மின்னால் தூண்டும் முயற்சிகள் பல நடந்தன. அவற்றுக்கு மண்டையோடு பெருந்தடையாக இருந்தது. எலும்பு மின்னோட்டத்தை எளிதில் கடத்துவதில்லை. 1980ஆம் ஆண்டு பாட்ரிக் மெர்ட்டன், பெர்ட்ரம் மோர்ட்டன் ஆகியோர் லண்டனில் உயர் மின்னழுத்தத் துடிப்பைத் தலைமேல் செலுத்தி, விழித்திருக்கும் மனிதரின் கைத்தசையை இயங்கச் செய்தனர். முறை வென்றது; ஆனால் அது வலி மிகுந்ததாக இருந்தது.

இத்தடைக்கு வழி காட்டியது, மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதி. மாறும் காந்தப்புலம் தன் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும் என்பது அவ்விதி. எலும்பு மின்னோட்டத்தைத் தடுக்குமேயன்றிக் காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் அந்தோனி பார்க்கரும் அவர்தம் குழுவினரும் 1985ஆம் ஆண்டு இவ்வுண்மையைப் பயன்படுத்தினர். தலைமேல் வைத்த கம்பிச்சுருளில் மிகப்பெரும் மின்னோட்டத்தை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான நேரத்தில் பாய்ச்சினர். அப்போது எழுந்து மறைந்த காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து சென்று, மூளைக்குள் சிறு மின்னோட்டத்தைத் தோற்றுவித்தது. இயக்கப் புறணியின் கைப்பகுதிக்கு மேலே சுருளை வைத்தபோது எதிர்ப்பக்கக் கைவிரல் துடித்தது. தூண்டப்பட்டவருக்கு வலி பெரிதாக இல்லை. இம்முறை மண்டையோட்டின் வழிக் காந்தத் தூண்டல் எனப்படுகிறது.

இச்சுருள் எழுப்பும் புலம் ஏறத்தாழ 1.5 முதல் 2 டெஸ்லா வரை இருக்கும். உடலைப் படமெடுக்கும் காந்த அதிர்வுக் கருவியின் புலத்தோடு இதனை ஒப்பிடலாம். ஆனால் சுருளிலிருந்து விலக விலகப் புலத்தின் வலிமை விரைந்து குறைகிறது. ஆகவே பொதுவாக இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் ஆழம்வரையே தூண்டல் எட்டுகிறது. கைக்குரிய பகுதி புறணியின் மேற்பரப்பில் அமைந்துள்ளதால் அதனைத் தூண்டுவது எளிது. காலுக்குரிய பகுதி இரு அரைக்கோளங்களுக்கும் இடைப்பட்ட பிளவின் உட்புறத்தில் மறைந்துள்ளதால் அதனைத் தூண்டுவது கடினம்.

இருவகைத் தூண்டல்கள்

காந்தத் துடிப்பு ஒன்றோடு நின்றுவிட்டால் விளைவு கணநேரமே இருக்கும். துடிப்புகளைத் தொடர்ந்து செலுத்தினால், தூண்டல் நின்ற பின்னும் மூளையின் எழுச்சித்திறன் சிறிது நேரம் மாறியிருக்கும். நொடிக்கு ஒரு துடிப்பு என்னும் மெதுவான வேகம் பொதுவாக அத்திறனைத் தணிக்கிறது; நொடிக்கு ஐந்தும் அதற்கு மேலும் ஆகிய விரைவான வேகம் பொதுவாக அதனை உயர்த்துகிறது. ஒரே கருவி, துடிப்பின் வேகத்தைப் பொறுத்து ஊக்கியாகவும் தணிப்பியாகவும் செயற்படுகிறது.

மற்றொரு முறை இன்னும் எளியது. உப்புநீரில் நனைத்த பஞ்சுறைகளுக்குள் வைத்த இரண்டு மின்வாய்களைத் தலைமேல் பொருத்தி, 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் அளவுள்ள நேர்த்திசை மின்னோட்டத்தைச் சில நிமிடம் செலுத்துவதே அது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மிகேல் நிட்ஷே, வால்டர் பவுலஸ் ஆகியோர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு உயிரூட்டியது. நேர்மின்வாய் இயக்கப் புறணியின் மேல் இருக்கும்போது எழுச்சித்திறன் கூடியது. எதிர்மின்வாய் இருக்கும்போது குறைந்தது.

இவ்விரு முறைகளுக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. காந்தத் துடிப்பு நரம்பணுவை நேரே கிளர்ந்தெழச் செய்கிறது. மெல்லிய மின்னோட்டமோ அவ்வாறு செய்வதில்லை. அது நரம்பணு கிளர்ந்தெழும் வாயிலின் உயரத்தைச் சற்றுத் தாழ்த்தவோ உயர்த்தவோ செய்கிறது. வாயில் தாழ்ந்த வேளையில் பயிற்சி நடந்தால், அப்பயிற்சி மூளையில் ஆழமாகப் பதியக்கூடும் என்பதே ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு.

தராசின் இரு தட்டுகள்

பெருமூளையின் இரு அரைக்கோளங்களையும் கார்பஸ் கலோசம் என்னும் நரம்பிழைப் பாலம் இணைக்கிறது. அப்பாலத்தின் வழியே அவை ஒன்றையொன்று தூண்டுவதோடு, ஒன்றையொன்று அடக்கவும் செய்கின்றன. வலக்கை மட்டும் எழுதும்போது இடக்கை உடன் அசையாதிருப்பதற்கு இவ்வடக்கமும் துணைபுரிகிறது. நலமுள்ள மூளையில் இது தராசின் இரு தட்டுகளைப்போல் சமனாக நிற்கிறது.

பக்கவாதம் ஒரு தட்டின் எடையைக் குறைத்துவிடுகிறது. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், நெடுநாள் பக்கவாத நோயாளிகளிடம் 2004இல் ஓர் உண்மையைக் கண்டனர். செயல் குன்றிய கையை அசைக்க முனையும் வேளையில், நலமான அரைக்கோளம் தன் அடக்கத்தைத் தளர்த்தாமல் பாதிக்கப்பட்ட பக்கத்தை அழுத்திக்கொண்டேயிருந்தது. நலமானவர்களிடம் அவ்வேளையில் அவ்வடக்கம் விலகிவிடுகிறது.

இதிலிருந்து மூன்று வழிகள் தோன்றின. பாதிக்கப்பட்ட பக்கத்தை ஊக்குவது ஒன்று. நலமான பக்கத்தைத் தணிப்பது மற்றொன்று. இரண்டையும் ஒருசேரச் செய்வது மூன்றாவது. சிலரைக் கொண்டு நடத்திய பல சிற்றாய்வுகள் நல்ல முடிவுகளைத் தந்தன. விரலசைவு விரைந்தது; பிடியின் வலிமை கூடியது. நம்பிக்கை பெருகியது.

நம்பிக்கையை நிறுத்துப் பார்த்தல்

மருத்துவத்தில் நம்பிக்கை சான்றாகாது. கருவியின் ஒலியும் மருத்துவரின் கவனிப்புமே நோயாளிக்கு ஊக்கமளிக்கக்கூடும். பக்கவாதத்திற்குப்பின் முதற்சில மாதங்களில் ஓரளவு முன்னேற்றம் இயல்பாகவும் நிகழும். இவற்றைத் தூண்டலின் பயனிலிருந்து பிரித்தறிய, ஆய்வாளர்கள் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரிக்கின்றனர். ஒரு குழு மெய்த் தூண்டலைப் பெறும். மற்றொரு குழு, தோற்றத்திலும் ஒலியிலும் அதனையொத்த போலித் தூண்டலைப் பெறும். தாம் எக்குழுவினர் என்பது நோயாளிகளுக்கும் தெரியாது. அவர்களின் கையை மதிப்பிடுவோருக்கும் தெரியாது.

அமெரிக்காவின் 12 மறுவாழ்வு மையங்களில் 199 பேரைக் கொண்டு நடத்தப்பெற்ற ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. நலமான அரைக்கோளத்தின் இயக்கப் புறணி, நொடிக்கு ஒரு துடிப்பு என்னும் வேகத்தில் தணிக்கப்பட்டது. அனைவருக்கும் கைப்பயிற்சி அளிக்கப்பட்டது. மெய்த் தூண்டல் பெற்ற குழுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். போலித் தூண்டல் பெற்ற குழுவிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரே முன்னேறினர். இரு குழுவுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

இம்முடிவைத் தோல்வி என்று மட்டும் படிப்பது குறையுடைய வாசிப்பாகும். இரு குழுவினரும் பயிற்சியைப் பெற்றனர். இரு குழுவினரும் முன்னேறினர். பக்கவாதம் தாக்கி மூன்று மாதங்கள் கடந்த பின்னரும் முறையான பயிற்சியைத் தொடர்ந்தோரின் கை தேறியது என்னும் நற்செய்தி இதனுள் அடங்கியுள்ளது.

ஒவ்வொரு மூளையும் வெவ்வேறு

பெரிய ஆய்வுகள் ஏன் சிற்றாய்வுகளின் வெற்றியை மீட்டுக்காட்டவில்லை? ஒருவரின் பாதிப்பு போன்றதன்று மற்றொருவரின் பாதிப்பு. ஒருவருக்குப் புறணியிலும், மற்றொருவருக்கு அதன் கீழுள்ள நரம்பிழைகளிலும் சிதைவு இருக்கலாம். மண்டையோட்டின் தடிமனும் வேறுபடும். ஒரே அளவு மின்னோட்டம் எல்லா மூளையையும் ஒரே அளவில் சென்றடைவதில்லை. தராசு உவமையும் எல்லாருக்கும் பொருந்துவதில்லை. பாதிப்பு மிகக் கடுமையாக இருப்போரிடம், நலமான அரைக்கோளம் தடையாக இல்லாமல் துணையாகவே இருக்கக்கூடும். அத்தகையோரிடம் அதனைத் தணிப்பது, ஊன்றி நடக்கும் கோலையே பறிப்பதற்கு ஒப்பாகும். எனவே, யாருக்கு, எப்போது, எப்பக்கத்தில், எவ்வளவு என்னும் வினாக்களுக்கு விடை காண்பதே இன்றைய ஆய்வுகளின் நோக்கம்.

இதற்கிடையே காந்தத் தூண்டல் வேறொரு வகையில் பயன் தந்துள்ளது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரைச் சேர்ந்த கேத்தி ஸ்டினியரும் அவர்தம் குழுவினரும் இதனை முன்னறியும் கருவியாகப் பயன்படுத்தினர். பக்கவாதம் நேர்ந்த சில நாள்களுக்குள் இயக்கப் புறணியில் ஒரு துடிப்பைச் செலுத்தி, கைத்தசையில் மின்விடை தோன்றுகிறதா எனப் பார்ப்பர். நலமான உடலில் அவ்விடை நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் வந்துசேரும். கை அசைவற்றுக் கிடப்பினும் விடை தோன்றினால், மூளைக்கும் கைக்கும் இடையிலான பாதை அறுபடவில்லை என்பது தெளிவாகும். அத்தகையோர் நல்ல மீட்சியை எதிர்நோக்கலாம். அசையாத கையைக் கண்டு மனம் தளர்ந்தவர்க்கு இச்செய்தியே பயிற்சியைத் தொடரும் வலிமையைத் தருகிறது.

பாதுகாப்பும் எச்சரிக்கையும்

வரையறுத்த அளவுகளில், பயிற்சி பெற்ற மருத்துவக் குழுவினரால் அளிக்கப்படும்போது இத்தூண்டல்கள் பெரும்பாலும் பாதுகாப்பானவையே. தலைவலி, தோலில் அரிப்பு, எரிச்சல் போன்றவை சிலருக்கு ஏற்பட்டு மறையும். காந்தத் தூண்டலால் அரிதாக வலிப்பு நேரக்கூடும். தலைக்குள் உலோகத் துண்டோ செவிச்சுருள் கருவியோ பொருத்தப்பட்டவர்களுக்கும், இதயமுடுக்கி பொருத்தப்பட்டவர்களுக்கும் இதனைக் குறித்துத் தனிக்கவனம் தேவை.

நேர்த்திசை மின்னோட்டக் கருவி எளிய அமைப்புடையது என்பதாலேயே அதனை வீட்டில் மின்கலத்தைக் கொண்டு தாமே அமைத்துப் பார்ப்போரும் உளர். அது தீங்கானது. மின்வாயின் இடம் சிறிது மாறினாலும் தூண்டப்படும் பகுதி மாறும். அளவு மிகுந்தால் தோல் வெந்துபோகும். தளர்ந்த குடும்பங்களின் ஏக்கத்தை விலைபேசி, முழு மீட்சிக்கு உறுதி கூறும் விளம்பரங்களிடமும் விழிப்பு வேண்டும். அறிவியல் இன்னும் தராத உறுதியை எவரும் விற்க இயலாது.

தெரிந்து தெளிவோம்

பக்கவாதத்தின் அறிகுறிகள் திடீரெனத் தோன்றும். சிரிக்கும்போது முகத்தின் ஒரு பக்கம் கோணுதல், இரு கைகளையும் உயர்த்தும்போது ஒரு கை தாழ்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் உடனே 108 எண்ணுக்கு அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து, அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் அளிக்கப்படுவது. சிறிது நேரத்தில் அறிகுறி மறைந்துவிட்டாலும் மருத்துவரைக் காண்பது இன்றியமையாதது. ஆண்டுதோறும் அக்டோபர் 29ஆம் நாள் உலகப் பக்கவாத நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

சுடரும் எண்ணெயும்

தூண்டுகோல் திரியை மேலேற்றும். சுடரை ஓங்கச் செய்யும். ஆனால் அகலில் எண்ணெய் இல்லையேல் அதனால் ஆவது ஒன்றுமில்லை. மூளைத் தூண்டலும் அத்தகையதே. ஒரு கையைத் திரும்பத் திரும்ப நீட்டுதல், பற்றுதல், விடுதல் என்று நாள்தோறும் நிகழும் பயிற்சியே மூளையின் எண்ணெய். அப்பயிற்சியின்றித் தூண்டல் மட்டும் கைக்குத் திறனைக் கற்றுத்தருவதில்லை என்பதை அறிவியல் ஏற்றுக்கொண்டுள்ளது. அப்பயிற்சிக்குத் தூண்டல் எவ்வளவு துணைபுரியும் என்பதை அது நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவ்விடை வரும்வரை, நோயாளியின் அருகில் அமர்ந்து, ஒரு குவளையை எடுக்கும் முயற்சியை நூறாவது முறையும் பொறுமையோடு ஊக்கும் மனிதரே அவருக்குக் கிடைக்கும் உறுதியான தூண்டுகோல் ஆவர்.